சைகையும் எழுத்தும்: காதுகேளாச் சிறுவர்களுக்குச் சிறுகுழு வகுப்புகள்

காதுகேளாத சிறுவன் ஒருவனின் எழுத்தேட்டைப் புரட்டிப் பார்க்கும் மேற்பார்வையாளர் பெரும்பாலும் மகிழ்ச்சியே அடைவார். வரிகள் கோணியிரா, எழுத்துக்கள் அச்சில் வார்த்தவை போல விளங்கும், கரும்பலகையில் இருந்த பாடம் ஒரு புள்ளியும் குறையாமல் ஏட்டில் ஏறியிருக்கும். அதே வகுப்பில் காது நன்கு கேட்கும் பிள்ளைகளின் ஏடுகளைக் காட்டிலும் அது நேர்த்தியாக இருப்பதும் உண்டு. ஆனால் அதில் உள்ள "கிணறு" என்னும் சொல்லைச் சுட்டி, அதன் பொருளைப் படமாக வரைந்து காட்டுமாறு சாடையால் கேட்டால், அச்சிறுவன் மறுபடியும் அச்சொல்லையே அழகாக எழுதி நீட்டுவான். கிணற்றை அவன் அறியாதவன் அல்லன். தன் வீட்டுக் கிணற்றில் நாள்தோறும் நீர் இறைப்பவனாகவும் இருக்கலாம். அந்தக் கிணற்றுக்கும் இந்த மூன்று எழுத்து வடிவங்களுக்கும் உள்ள தொடர்பை மட்டும் எவரும் அவனுக்குக் காட்டவில்லை.

காதுகேளாச் சிறுவர்களோடு பழகிய ஆசிரியர்கள் யாவரும் அறிந்த செய்தி இது. எனினும் பதிவேடுகளில் இதற்கு இடமில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில் குறியீடு இருக்கிறது, எழுத்தேடு நிறைந்திருக்கிறது. ஆகவே அக்குழந்தை கல்வி பெறுகிறது என்று கொள்ளப்படுகிறது. இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, பத்து வயதுக் குழந்தைக்கு எந்த மொழியும் வாய்க்கவில்லை என்பது தெரியவருகிறது. அதற்குள் மொழி எளிதில் பதியும் இளம்பருவம் கடந்துபோய்விடுகிறது. பின்னர் எத்துணை முயன்றாலும் அந்த இழப்பை முழுவதும் ஈடுசெய்தல் அரிது என்பது மொழியியலாரும் மருத்துவரும் ஒருங்கே கூறும் உண்மையாகும்.

இதன் காரணம் எளிது. காது கேட்கும் குழந்தை பள்ளிக்கு வரும்பொழுதே ஒரு மொழியுடன் வருகிறது. தாயின் தாலாட்டு, பாட்டியின் கதை, தெருவின் சண்டை ஆகிய அனைத்தும் அதற்கு மொழியைக் கற்பித்திருக்கின்றன. பள்ளி செய்வதெல்லாம் ஏற்கெனவே அறிந்த மொழிக்கு எழுத்து வடிவத்தைக் காட்டுவதே. காதுகேளாக் குழந்தைக்கோ இவை ஒன்றும் எட்டவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சொலிக்குரிய அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபெல் அளவு கேட்புத்திறனை இழந்தவரைக் காதுகேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபெல் வரை இழந்தவரைக் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும் வகுத்துள்ளது. இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் பேச்சின் ஒலியோ ஏறத்தாழ 60 டெசிபெல்தான். இத்தகைய குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும். பெற்றோருக்குச் சைகைமொழி தெரியாது. குழந்தைக்குப் பேச்சுமொழி எட்டாது. அன்பு மிகுந்த வீட்டிலும் மொழி இராது.

உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறியலாம் என்பார் உளர். ஓரளவு கேட்புத்திறன் எஞ்சியவர்க்கும், முன்பே மொழி அறிந்து பின்னர் கேட்புத்திறனை இழந்தவர்க்கும் அது பெருந்துணையே. மொழியே அறியாத குழந்தைக்கு அது விடுகதையாகவே முடியும். "பாடு" என்பதும் "மாடு" என்பதும் உதட்டில் ஒன்றே. ககரம் நாவின் அடிப்பகுதியில் பிறப்பதால் வெளியே தெரிவதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாடுகள் வாயினுள்ளேயே நிகழ்ந்து முடிகின்றன. தமிழிலோ பொருளின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பவை சொல்லின் இறுதியில் விரைந்து மறையும் சிறு உருபுகள். அவற்றை உதட்டிலிருந்து பொறுக்கி எடுப்பது வல்லவர்க்கும் கடினம்.

ஆகவே கண்வழியாக வரும் ஒரு முழுமொழி முதலில் வேண்டும். அது சைகைமொழியே. அதனை வெறும் சாடை என்று எண்ணும் வழக்கம் கற்றவரிடமும் இன்னும் முற்றும் ஒழியவில்லை. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி என்பார் 1960-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சைகைச் சொற்களும் பேச்சுச் சொற்களைப் போலவே சிறு கூறுகளால் ஆனவை என்று நிறுவினார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் முறை ஆகியவற்றுள் ஒன்று மாறினும் சொல் மாறிவிடும். 1970-களின் பிற்பகுதியில் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களில் நடந்த ஆய்வு, அங்குள்ள காதுகேளாதோர் வழங்கும் சைகைகள் ஒன்றோடொன்று நெருங்கிய உறவுடையன என்று காட்டியது. இந்தியச் சைகைமொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். எதிர்மறையும் இறுதியிலேயே வரும். புருவமும் தலையசைவும் இலக்கணத்தின் உறுப்புக்களே. நாட்டிய முத்திரைகளைக் கற்றவர் இதனை எளிதில் அறிந்துவிடலாம் என்று சிலர் கருதுவதுண்டு. வீணை வாசிப்பவர் தட்டச்சு அறிந்தவர் என்று சொல்வதைப் போன்றது அது. இரண்டிற்கும் விரல்கள் பொது, அவ்வளவே.

இந்த மொழி பள்ளிகளுக்கு வெளியே நின்றதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, பேச்சுப் பயிற்சியே உயர்ந்தது என்றும் சைகை வேண்டாவென்றும் தீர்மானித்தது. பம்பாயில் காதுகேளாதோர்க்குப் பள்ளி தோன்றியது 1885-இல், கல்கத்தாவில் 1893-இல். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்ஸன் அம்மையாரின் பணி தொடங்கியதும் அந்நூற்றாண்டின் இறுதியில்தான். ஆக, இந்நாட்டில் இக்கல்வி வேரூன்றிய காலம், உலகெங்கும் மிலான் தீர்மானத்தின் காற்று பலமாக வீசிய காலமாகும். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு பழைய தீர்மானங்களைத் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் கைகட்டி உட்கார வைக்கப்பட்ட குழந்தைகளின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

இனி, இந்நாட்டின் இன்றைய நிலையில் முக்கியமான செய்திக்கு வரலாம். மொழியைத் தனியொரு குழந்தைக்குக் கற்பிக்க இயலாது. சொற்களைக் கற்பிக்கலாம், மொழி பலர் கூடும் இடத்திலேயே பிறக்கும். நிகராகுவா நாட்டில் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த சான்று. 1970-களின் இறுதியில் அந்நாட்டுத் தலைநகரான மனாகுவாவில், அதுவரை தத்தம் வீடுகளில் தனித்திருந்த காதுகேளாக் குழந்தைகள் முதன்முறையாகப் பள்ளியில் ஒன்றுகூட்டப்பட்டனர். ஆசிரியர்கள் கற்பிக்க முயன்றது உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையுமே. அது பெரிதும் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் அக்குழந்தைகள் தத்தம் வீட்டுச் சாடைகளைப் பரிமாறிக்கொண்டு, சில ஆண்டுகளுக்குள் தமக்கென ஒரு மொழியையே ஆக்கிக்கொண்டனர். பின்னர் வந்து சேர்ந்த சிறு குழந்தைகள் அதனை மேலும் செப்பமுடைய இலக்கணமாக்கினர். 1986 முதல் மொழியியலார் அங்கே சென்று இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். கற்பிக்காமலே மொழி பிறந்தது, குழந்தைகள் ஒருவரையொருவர் கண்டதனால்.

இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேட்புக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50.7 லட்சம். தொகை பெரிது, ஆனால் நாடெங்கும் சிதறிக் கிடப்பது. ஒரு கிராமப் பள்ளியில் இத்தகைய குழந்தை ஒன்று இருந்தால், அடுத்த குழந்தை நான்கு கிலோமீட்டர் தொலைவில் வேறொரு பள்ளியில் இருக்கும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் அக்கம்பக்கப் பள்ளியை வற்புறுத்துகிறது. அக்கொள்கை ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கல்விக் கதவைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. காதுகேளாக் குழந்தைக்கு மட்டும், வீட்டருகில் உள்ள பள்ளி உலகிலேயே மிகத் தனிமையான இடமாக அமைந்துவிடலாம். நாற்பது பேருக்கு நடுவே அது ஒன்றே தனித்து அமர்ந்திருக்கிறது. இணைந்த கல்வி என்னும் சொல்லின் பொருள், உடல் அளவில் ஒரே அறையில் இருப்பதோடு முடிந்துவிடுமாயின், அச்சொல்லை மறுபரிசீலனை செய்யவேண்டியதுதான். 2016-ஆம் ஆண்டின் சட்டமோ தெளிவாகவே உள்ளது. பார்வையற்றோர், காதுகேளாதோர் ஆகியோர்க்கு மிகப் பொருத்தமான மொழிகளிலும் தொடர்பு முறைகளிலும் கல்வி அளிக்கப்படவேண்டும் என்று அது பணிக்கிறது. பொருத்தமான மொழி என்பது அம்மொழியில் பதிலுரைக்கத் தோழர் இருக்கும் மொழியே அன்றோ?

இதனால் எல்லாக் குழந்தைகளையும் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பொருளன்று. அவ்விடுதிகள் பல தலைமுறைகளுக்குத் தோழமையையும் மொழியையும் தந்தன. ஆயினும் ஆறு வயதுக் குழந்தையைத் தாயினின்று பிரிப்பதற்கு மனம் எளிதில் ஒப்பாது. இடைவழி ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தில் உள்ள காதுகேளாக் குழந்தைகளை, வயது நெருக்கம் பார்த்து, வாரத்தில் மூன்று நாட்களேனும் ஒரே பள்ளியில் கூட்டி, சைகைமொழியையும் எழுத்தையும் ஒன்றாகக் கற்பிக்கும் சிறுகுழு வகுப்பே அது. சைகைமொழி ஒரு நாள், எழுத்து மற்றொரு நாள் என்று பிரிக்கலாகாது. பிரித்தால் எழுத்து மறுபடியும் சித்திரமாகிவிடும்.

குழுவின் அளவு ஆறு முதல் எட்டு வரை இருப்பது நலம். இது செல்வப் பள்ளிகளின் ஆடம்பரம் என்று நினைத்தல் கூடாது. கண்ணின் இயல்பிலிருந்து பிறக்கும் கணக்கு இது. காது கேட்கும் பிள்ளைகள் முன்னிருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னிருப்பவர் சொல்வதைக் கேட்பர். சைகைமொழியில் முதுகு மௌனமே. ஆகையால் வரிசை உதவாது, அரைவட்டம் வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் மற்ற எல்லோருடைய கைகளும் முகங்களும் தெரிய வேண்டும். எட்டுக்கு மேற்பட்டால் அரைவட்டம் அகன்றுபோய், ஓரத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் காணுதல் அரிதாகும். ஆசிரியர் சன்னலுக்கு எதிர்முகமாக நின்றால் வெளிச்சம் அவர் கைகளின் மேல் விழும். சன்னலை முதுகுப்புறம் வைத்து நின்றால் குழந்தைகளுக்கு அவர் ஒரு நிழலுருவமே. நிறம் மாறுபட்ட ஒற்றை வண்ண உடை அணிவதும் உதவும். பூப்போட்ட சட்டையின் மேல் விரல்கள் மறைந்துபோகும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இதில் தவறுவர். காதும் கண்ணும் ஒருங்கே வேலை செய்யக்கூடியவை. ஏட்டைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் விளக்கத்தைக் கேட்கலாம். காதுகேளாக் குழந்தைக்கு இரண்டு வேலைக்கும் கண் ஒன்றே. அது ஏட்டைப் பார்க்கும்பொழுது கையைப் பார்க்க இயலாது. ஆசிரியர் சைகை செய்து முடித்துக் காத்திருக்க வேண்டும். குழந்தை ஏட்டைப் பார்த்து நிமிர வேண்டும். அதன் பின்னரே அடுத்த சொல். இந்தக் காத்திருப்பினால் பாடம் மெதுவாகத்தான் நகரும். பாடத்திட்டம் முடியவில்லை என்று இவ்வகுப்பு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் அதிகாரி இதனை அறிந்து கேட்பாராக.

எழுத்துப் பயிற்சி எவ்வாறு நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மழைக்கு மறுநாள் காலை, வகுப்பில் ஒரு சிறுமி முந்தின இரவு நடந்ததைச் சைகையால் சொல்கிறாள் என்று கொள்வோம். மற்றக் குழந்தைகள் இடையிட்டுக் கேள்வி கேட்பர். ஒருவன் தன் வீட்டில் நடந்ததைச் சேர்ப்பான். பின்னர் அவளே அதை எழுதும்பொழுது, "இரவு மழை வீடு கூரை ஒழுகு அம்மா பானை வை" என்று எழுதக்கூடும். வழக்கமான வகுப்பில் இதற்குச் சிவப்பு மையால் குறுக்குக்கோடு விழும். உண்மையில் இது மதிக்கத்தக்க எழுத்து. காலம் முதலில், இடம் அடுத்து, செய்வோர், பொருள், செயல் இறுதியில் என்று சைகைமொழியின் வரிசை இதில் ஒழுங்காக நிற்கிறது. பார்த்து எழுதிய நூறு பக்கங்களைக் காட்டிலும் இந்த ஒரு வரி உயர்ந்தது. ஏனெனில் இது அவளுடையது. தமிழும் வினையை இறுதியில் வைக்கும் மொழியாதலால், இங்கே ஆசிரியருக்கு ஒரு வசதியும் உண்டு. வரிசையை அதிகம் மாற்றவேண்டியதில்லை. உருபுகளையும் வினைமுற்றுக்களையும் காட்டினால் போதும்.

ஆசிரியர் பலகையில் அவள் வரியை அப்படியே எழுதி, அதன் கீழே, "இரவு மழை பெய்தது. வீட்டின் கூரை ஒழுகியது. அம்மா பானையை வைத்தாள்" என்று எழுதுவார். இரண்டையும் குழுவினர் ஒப்பிட்டு, எது புதிதாக வந்தது என்று தாமே தேடுவர். உருபைச் சூத்திரமாகச் சொல்லிப் பயனில்லை. சைகையிலேயே அதன் வேர் இருக்கிறது. "கொடு" என்னும் சைகை ஓரிடத்தில் நிற்பதன்று. கொடுப்பவர் இருக்கும் திசையிலிருந்து புறப்பட்டுப் பெறுபவர் இருக்கும் திசையில் சென்று முடியும். அம்மா தம்பிக்குக் கொடுத்தாள் என்பதற்கும் தம்பி அம்மாவுக்குக் கொடுத்தான் என்பதற்கும் கையின் போக்கே வேறுபாடு. கை சென்று சேரும் இடத்தில் நிற்பவரின் பெயரோடு "கு" சேரும் என்று காட்டிவிட்டால், நான்காம் வேற்றுமை ஒரே பொழுதில் விளங்கிவிடும். இரு குழந்தைகளை எழுந்து நிற்கச் செய்து, நடுவே ஒரு மாங்காயைக் கைமாற்றி, பெயர்ச்சீட்டுக்களோடு "கு" என்னும் சீட்டை இடம் மாற்றி வைத்தால் வேடிக்கையாகவும் இருக்கும். இதற்குக் குறைந்தது மூன்று குழந்தைகளாவது வேண்டும் என்பது வெளிப்படை. தனியொருவனோடு இலக்கணமும் நடத்த முடியாது.

இதனைக் கற்பிப்பவர் யார்? பயிற்சி பெற்ற விசேஷ ஆசிரியருடன், சைகைமொழியே தம் மொழியாக வாழும் காதுகேளாதவர் ஒருவரும் வகுப்பில் இருத்தல் வேண்டும். சைகைமொழித் தகுதி பெற்ற, மாற்றுத்திறன் உடைய ஆசிரியர்களையும் பணியமர்த்துமாறு 2016-ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. 2015-இல் மத்திய அமைச்சரவையின் இசைவு பெற்று டெல்லியில் அமைந்த இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், காதுகேளாதோர்க்கே சைகைமொழி கற்பிக்கும் பட்டயப் பயிற்சியை நடத்திவருகிறது. தன்னைப் போன்ற ஒருவர் வளர்ந்து, வேலை பார்த்து, சம்பளம் வாங்கி வாழ்கிறார் என்பதைக் கண்ணால் காணும் சிறுவன், தன் வருங்காலத்தைப் பற்றி முதன்முறையாக எண்ணத் தொடங்குவான். இத்தகைய பெரியவர் ஒருவரையும் காணாத சில குழந்தைகள், வளர்ந்தால் தமக்கும் காது கேட்கத் தொடங்கிவிடும் என்று நம்பியிருப்பதுண்டு.

அம்மையத்தின் அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021-இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2020-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாடநூல்களும் சைகைமொழிக்கு மாற்றப்படலாயின. இவை நல்ல கருவிகள். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நிறங்கள், கிழமைகள் முதலியவற்றுக்கு ஊருக்கு ஊர் சைகை வேறுபடும். குழந்தை தன் ஊர்ச் சைகையோடு வரும்பொழுது, அது அகராதியில் இல்லை என்று தள்ளுதல், மதுரைப் பேச்சைப் பேசும் பிள்ளையை வகுப்பை விட்டு வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். இரண்டையும் கற்கட்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இந்தியச் சைகைமொழியைத் தரப்படுத்தச் சொல்லும் அதே இடத்தில், வட்டாரச் சைகைமொழிகளை மதிக்குமாறும் கூறுகிறது.

சைகை கற்றால் பேச்சு வராது என்று பெற்றோர் அஞ்சுவர். மருத்துவமனையில் யாரேனும் அவ்வாறு சொல்லியும் அனுப்பியிருப்பர். காதுகேட்கும் கருவியோ, செவிநத்தை உட்பதியமோ பெற்ற குழந்தைக்குக் கூட, இளமையிலேயே ஒரு மொழி மனத்தில் அமைந்திருப்பது அடுத்த மொழிக்கு ஊன்றுகோலே. உட்பதியம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. பயிற்சியும் பல ஆண்டுகள் நீளும். கருவி பழுதுபட்ட நாளில் குழந்தை மீண்டும் நிசப்தத்திலேயே இருக்கும். அந்நாளிலும் தாயோடு பேச ஒரு வழி வேண்டாமா? அதனால் சிறுகுழு வகுப்பின் ஒரு மூலையில் தாய்மார்க்கும் ஒரு பாய் விரித்துவைப்பது தகும். பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் தாய், அன்றிரவே குழந்தையை நோக்கி, "பசிக்கிறதா? என்ன நடந்தது?" என்று கேட்கலாம்.

செலவு அதிகம் என்னும் ஆட்சேபத்தில் உண்மை உண்டு. எட்டுக் குழந்தைகளுக்கு இருவர் என்பது எளிதன்று. ஆனால் எட்டுப் பள்ளிகளில் எட்டு ஆண்டுகள் பயனின்றி அமர்ந்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அது வரவு செலவுத் திட்டத்தில் காணப்படுவதில்லை, அவ்வளவே. போக்குவரத்துக்கும் துணைவருக்கும் படி வழங்கும் ஏற்பாடு சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அதனைக் கேட்டுப் பெறும் பள்ளிகளே குறைவு.

களப்பணியாளர் செய்யக்கூடியது, வட்டாரத்தின் படம் ஒன்றை எடுத்து, கணக்கெடுப்பில் கண்ட ஒவ்வொரு காதுகேளாக் குழந்தைக்கும் ஒரு புள்ளியும் அருகே வயதும் குறிப்பதாகும். பள்ளியில் பெயர் உள்ளவர், பெயர் நீங்கியவர், ஒருபொழுதும் சேராதவர் மூவரையும் குறிக்க வேண்டும். பின்னர் அப்படத்தின் மேல் பஸ் வழித்தடங்களை வரைந்தால், எந்தப் பள்ளியில் கூட்டுவது என்பது தானே புலப்படும். முதல் குழுவில் மூன்று குழந்தைகளே தேறினாலும் தொடங்கலாம். முதல் வாரம் பாடம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒருவர் கையை ஒருவர் பார்க்கட்டும்.